நேற்று அது லேட்டு, இன்று அதுதான் டயம்

ஸ்டேஷனுக்காக ஜெபம் பண்ணினது தப்பு, ரயிலுக்காகப் பண்ணியிருக்க வேண்டும் என்று நோசக்கேலேவுக்கு இப்போதுதான் உறைத்தது. தினமும் வேலைக்குப் போகும் ரயிலின் மூன்றாவது பெட்டியில் கூடி ஜெபிக்கும் சபை ஒரு வருஷமாக, பெட்டிச் சுவரை உள்ளங்கையால் அடித்துப் பாடி, ஸ்டேஷனைப் புதுசாக்கும் ஆண்டவரே என்று மன்றாடியது. அதில் அவள் குரல்தான் உரக்க இருக்கும். சுருதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆண்டவரும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டார். பளபளக்கும் தரை, கண்ணாடிக் கூரை, ஆளுயரக் கடிகாரம். ரயில் மட்டும் அதே கிழட்டு ரயில்.

கேப் டவுனில் ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அதைக் காட்டினால் அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையின் மேஸ்திரி அடோனிஸ் வாயைத் திறக்க மாட்டார். சீட்டோடு ஒரு மணி நேரம் பிந்தலாம். சீட்டில்லாமல் பத்து நிமிஷம் பிந்தினால் எச்சரிக்கை. அவள் இரண்டு வாங்கியாகிவிட்டது. மூன்றாவதுக்கு வேலை போய்விடும்.

இன்று சபையின் கடைசி ஜெபம் முடியுமுன்பே இறங்கி ஓடினாள்.

"சீட்டு குடு தம்பி."

கவுண்டரில் லுயாண்டா நிமிரவில்லை. "வண்டி கரெக்ட் டயம்க்கா."

"நேத்தும் இதே நேரத்துக்குத்தானே வந்துச்சு? சீட்டு குடுத்தியே."

"நேத்து அது லேட்டு. இன்னைக்கு அதுதான் டயம். ஸ்டேஷனோட அட்டவணையும் புதுசு."

"அப்போ முந்தின வண்டிக்கு வரேன்."

"அதை எடுத்துட்டாங்க. ஓடாத வண்டி லேட்டாகாதுல்ல."

அவளுக்கு உச்சி கொதித்தது. "ஓட முடியலன்னு பந்தயக் கோட்டைத் தள்ளிப் போட்டுட்டு, ஜெயிச்சோம்னு மாலையும் போட்டுக்குவீங்களா? என் புள்ளைங்க சோத்துக்குப் பதிலா இந்தத் தரையை நக்கணுமா?"

"நானா போட்டேன் அட்டவணை? என்னைத் திட்டி என்னக்கா ஆகப்போகுது?"

அதுவும் சரிதான். திரும்பி நடந்தாள்.

ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆமென் விழும்வரை யாராவது கதவில் கால் வைத்திருப்பது சபை வழக்கம்; கார்டும் அதற்குப் பழகிப்போனவர். கதவில் இருந்தவரை விலக்கிவிட்டு நோசக்கேலே தன் காலை வைத்தாள்.

"போதகரே, முடிச்சிராதீங்க. இனிமே சீட்டு கிடையாதாம்."

அந்தப் பெட்டியில் சீட்டு வேண்டாதவர் யார்? ஆமென் சொல்லப்போன போதகர் ம்போண்டோவின் வாய், கண்ணைத் திறக்காமலே, "ஆகையால், பரம பிதாவே" என்று மறுபடி ஆரம்பித்தது. சுவரில் கைகள் இடித்தன. கார்டு விசில் ஊதினார். கதவு அவள் காலைக் கடித்துக் கடித்து விட்டது.

"உங்க ஜெபத்துல இடி விழ. எங்களுக்கும் வேலை இருக்கு," என்று பக்கத்துப் பெட்டியில் ஒருத்தி கத்தினாள்.

நோசக்கேலேவுக்கு முகம் சுருங்கியது. காலை மட்டும் எடுக்கவில்லை. "உனக்கும் சேத்துத்தான்டி நிக்கறேன். இறங்கி வந்து வாங்கிக்க."

லுயாண்டா மூச்சிரைக்க ஓடி வந்தான். "காலை எடுங்கக்கா. வண்டி லேட்டாகுது."

"ஆகுதா, ஆயிருச்சா?"

கடிகாரத்தைப் பார்த்தான். புது அட்டவணைப்படியே வண்டி கிளம்பியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

"ஆயிருச்சு," என்றான் தரையைப் பார்த்து.

"எழுது."

முழங்காலில் வைத்து எழுதினான். அவள் சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கால் நகரவில்லை.

"அதான் குடுத்துட்டேனே."

"இவங்களுக்கு?"

திரும்பிப் பார்த்தான். திட்டியவள் முதல் ஆளாக, எல்லாப் பெட்டியும் இறங்கி வரிசையில் நின்றது. உள்ளே, பைபிளை முதலிலிருந்து ஆரம்பித்திருந்த போதகர் அப்போதுதான் நோவாவைப் பேழைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்.