தாளின் ஓரத்து நீலம்

முடிச்சு வேறாக இருந்தது.

அரிவாளைச் சுற்றியிருந்த காடாத்துணி அதேதான். அரக்கின் மேல் பதிந்திருந்ததும் ஆய்வகத்து முத்திரைதான். ஆனால் சணலில் விழுந்திருந்த முடிச்சு புவனேஸ்வரி போட்டதில்லை. அவள் சின்னாளபட்டியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய விரல்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் நெசவு முடிச்சுதான் வரும். இதுவோ மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற முடிச்சு.

யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்து, திரும்பக் கட்டி, அரக்கு உருக்கி, முத்திரையும் வைத்திருக்கிறார்கள்.

முத்திரை இருக்கும் பீரோவுக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் கைப்பையில். இன்னொன்று சேதுபதியிடம்.

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையோரம், ஒரு வாடகை வீட்டு மாடியில் நடந்துகொண்டிருந்த சின்னத் தடய அறிவியல் ஆய்வகம் அது. போலீசும் கோர்ட்டும் அனுப்புகிற கறைகளைச் சோதித்து, ரத்தமா இல்லையா என்று எழுதி அனுப்புகிற இடம். பழைய தலைமை அதிகாரி ஜூன் மாதம் மெட்ராசுக்கு மாற்றலாகிப் போனபோது பொறுப்பு புவனேஸ்வரிக்கு வந்தது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு, எம்.எஸ்ஸி. சேதுபதிக்கு ஐம்பத்தொன்று. சீசா கழுவுகிற வேலையில் சேர்ந்து, தபாலில் படித்து மேலே வந்தவர். படிப்பு குறைவென்று அவரைத் தாண்டித்தான் அந்த நாற்காலி அவளிடம் வந்தது. அன்றைக்கு அவர் கைகூப்பி, "நல்லா இருங்க மேடம்" என்றார். அந்த வாழ்த்தை அவள் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

அரிவாள் ஆத்தூர்ப் பாண்டியுடையது. தென்னை மரம் ஏறுகிறவன். தோப்புக் காவல்காரர் ஒருவர் வெட்டுப்பட்டுக் கிடக்க, பாண்டியைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அரிவாளில் பழுப்பாக ஒரு கறை. போன வெள்ளிக்கிழமை புவனேஸ்வரியே அதைச் சோதித்தாள். ஈரத் தாளால் கறையைத் துடைத்து, ரத்தம் பட்டால் நீலமாகும் பென்சிடின் மருந்து ஒரு சொட்டு, பெராக்சைடு ஒரு சொட்டு. தாள் நீலமானது. ரத்தம். அடுத்த சோதனைக்குக் கறை போதாது. 'ரத்தம் உள்ளது, யாருடையது என அறிய அளவு போதவில்லை' என்று அறிக்கை தட்டச்சாகி, அவள் கையெழுத்துக்கு மேஜையில் காத்திருந்தது. நாளை பதினொரு மணிக்கு ஏட்டு பெரியகருப்பன் வந்து வாங்கிப் போவார். அந்த ஒரு வரிதான் பாண்டிக்கு ஜாமீனா, ஜெயிலா என்பதைச் சொல்லும்.

இந்த நேரத்தில் கட்டைப் பிரிக்க வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறது?

பாண்டியின் மனைவி முனீஸ்வரி பத்து நாளாக ஆய்வகத்து வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, நிற்பாள். திங்கட்கிழமை பஸ் ஜன்னல் வழியாகப் புவனேஸ்வரி ஒன்று பார்த்தாள். டீக்கடை ஓரம் முனீஸ்வரி; அவளுக்கு எதிரே, தலை குனிந்து மெதுவாகப் பேசியபடி சேதுபதி.

மத்தியானம் ஒச்சாயி வந்து மேஜையில் ஒரு முள்ளங்கிக் கட்டை வைத்தாள். சீசா கழுவுகிறவள், வியாழச் சந்தையில் புவனேஸ்வரிக்குக் காய் வாங்கித் தருகிறவளும் அவள்தான்.

"இந்தாங்க தாயி, உங்க வீட்டு சாருக்கு மருந்து. வாரம் தவறாம இதத் திங்கிறாரே, பாவம் மனுசன். மூஞ்சியே முள்ளங்கி கணக்கா வெளுத்துப் போச்சு."

"கிட்னில இருக்குற கல்லு கரையணும்ல ஒச்சாயி. இந்த ஊர்த் தண்ணிக்கு வேற என்ன செய்ய?"

"கல்லு கரையுதோ இல்லையோ, ஆளு கரைஞ்சுருவாரு."

சிரிக்க வேண்டிய பேச்சு. புவனேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவிடுக்கு வழியாகத் தெரிந்த சேதுபதியின் முதுகைப் பார்த்தபடியே, இழுப்பறையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து முள்ளங்கியின் தலையை நறுக் நறுக்கென்று வெட்டினாள். தழையோடு இருந்தால் பைக்குள் அடங்காது. தழையை ஒச்சாயி கூட்டு வைக்க அள்ளிக்கொண்டாள். கத்தரிக்கோல் துண்டில் ஒரு துடைப்போடு இழுப்பறைக்குத் திரும்பியது.

சேதுபதி சோதனைக்கான பில்டர் பேப்பரைக் கையால் கிழித்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான், பழைய காலத்து ஆள். வேலை தொடங்குமுன் எதிலும் படாத வெறுந்தாள் ஒன்றில் மருந்தை விட்டுப் பார்ப்பார். பழைய அதிகாரி இருந்தவரை, தினமும் ஒருவர் தாளை இன்னொருவர் அப்படிச் சோதித்து நோட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கம். நூற்றைம்பது வழக்கு தேங்கிக் கிடக்க, வெறும் தாளைச் சோதித்துக்கொண்டிருப்பதா என்று ஜூலையில் அந்த நோட்டைப் புவனேஸ்வரி நிறுத்தினாள். அது பாதிக் காரணம். தன் வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் இந்த மனிதர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று தோன்றியது மீதிக் காரணம்.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் அசோக்குமார் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"வியாழக்கிழமைன்னு காலண்டர் பாக்கவே வேணாம்டீ. தெருமுக்குலயே வாசம் சொல்லிருது."

பெரிய தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஜூலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டவனை அவள்தான் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். அன்றிலிருந்து முள்ளங்கி. அவன் முறைப்பான், பிறகு பாத்திரத்தை வழித்துத் தின்பான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடிச்சு, சாவி, டீக்கடை.

"நேரா கேட்டுற வேண்டியதான?"

"கேட்டா உஷாராயிருவாரு. காசு வாங்கியிருக்காரோ என்னமோ. டைரக்டருக்கு எழுதப் போறேன்."

"எழுதுனா அவர் வேலை?"

"போகும்."

அசோக்குமார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "ஐதராபாத் டிரெயினிங்குக்கு ஒரு பேரு கேட்டு லெட்டர் வந்துச்சுன்னியே. யார் பேரு எழுதுன?"

"எம் பேருதான். அவருக்கு வயசாயிருச்சுல்ல."

 அவன் அவளைப் பார்க்காமல் சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான். 

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே ஆய்வகத்துக்கு வந்தாள். கைப்பையில் டைரக்டருக்கு எழுதிய கடிதம். ஆனாலும் வெறும் முடிச்சை வைத்து ஒருவர் சோற்றில் கை வைக்க முடியாது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். புதுத் துணியில் இரண்டு துண்டு கிழித்தாள். ஒன்றில் விரலை ஊசியால் குத்தி ஒரு சொட்டு விட்டாள். மற்றதில் துருவைக் கரைத்துத் தேய்த்தாள். இரண்டும் காய்ந்ததும் பழுப்பாகத்தான் தெரிந்தன. இல்லாத வழக்கு எண் இரண்டை எழுதி, ஒவ்வொன்றையும் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைச் சேதுபதியிடம் கொடுத்தாள்.

"அவசரம் சார். யாரோ பெரிய இடத்து ஆளாம், அவங்க ஆளுக நாலு தடவ போன் பண்ணிட்டாங்க. முதல் துணில ஒண்ணும் இருக்காதுன்னு சொல்றாங்க."

வேண்டுமென்றேதான் சொன்னாள். விலை போகிற ஆளாக இருந்தால் இதைக் கேட்டு வளைவார்.

சேதுபதி அவளை ஒரு பார்வை பார்த்தார். "துணி சொல்லட்டும் மேடம்" என்று வாங்கிப் போனார்.

பத்து மணிக்குச் சீட்டு வந்தது. முதல் துணி: ரத்தம் உண்டு. இரண்டாவது: இல்லை.

சரியாக எழுதியிருந்தார். புவனேஸ்வரிக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பொறி என்று மோப்பம் பிடித்திருப்பார் என்று நினைத்தாள். கடிதத்தோடு வைக்கத் தன் சோதனையும் வேண்டுமே என்று மீதித் துணிகளை எடுத்தாள். கத்தரிக்கோலால் தாளை அளவாக வெட்டி, முதல் துணியைத் துடைத்து, மருந்து விட்டாள். நீலம். சரி. இரண்டாவது துணியைத் துடைத்து, மருந்து விட்டாள்.

நீலம்.

துரு மட்டும் தேய்த்த துணி. அவளே தேய்த்தது. அதில் ரத்தம் எங்கிருந்து வரும்?

தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். துணியைத் துடைத்த நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தது. நீலம் ஓரத்தில் மட்டும், ஜரிகைக் கரைபோல, கத்தரிக்கோல் போன வழியெல்லாம் ஓடியிருந்தது.

இன்னொரு தாள் வெட்டினாள். எதிலும் துடைக்கவில்லை. மருந்தை மட்டும் விட்டாள். ஓரம் நீலமானது.

கத்தரிக்கோலை மூக்கருகே கொண்டுபோனாள். வீட்டுச் சமையலறை வாசம்.

முள்ளங்கிச் சாறும் ரத்தம்போலவே இந்த மருந்தில் நீலம் காட்டும் என்பது தொழிலில் முதல் வாரப் பாடம். குற்றவாளியின் துணியில் காய்கறிக் கறை இருந்தால் ஏமாறாதே என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருப்பாள்! தன் இழுப்பறையை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

பாண்டி வழக்கின் கோப்பைப் பிரித்தாள். போன வெள்ளிக்கிழமைத் தாள் உள்ளே ஒட்டியிருந்தது. நீலம் வயதாகிப் பழுப்பாகியிருந்தது. ஓரம் மட்டும். நடுவில் வெள்ளை.

அடுத்த அறைக்கு எழுந்து போனாள். பத்தடி தூரம்தான், சிறுமலைக்கு நடந்து ஏறுவதுபோல் இருந்தது.

"அரிவாள் கட்டைப் பிரிச்சீங்களா சார்?"

சேதுபதி எழுந்து நின்றார். மறுக்கவில்லை. "பிரிச்சேன் மேடம். செவ்வாய்க்கிழமை."

"எதுக்கு?"

"கோப்பு தைக்க வந்தப்ப உங்க தாளப் பாத்தேன். ஓரத்துல மட்டும் நெறம் இருந்துச்சு. எனக்கு ஒப்பலை. கிழிச்ச தாள்ல திரும்பப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்லை. தேங்கா மட்டைக் கறையும் துருவுந்தான்." இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்து நீட்டினார். தேதி, நேரம், தாள், எல்லாம் இருந்தன.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நோட்டை நிப்பாட்டுன அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா மேடம்? 'என் வேலையப் பாக்க எனக்குத் தெரியும், உங்க வேலைய நீங்க பாருங்க.' அதுக்கு மேல எந்த வாயால சொல்ல?" நிறுத்தி, மெதுவாகச் சேர்த்தார். "மூணு நாளாத் தூக்கம் இல்லை. நீங்க வேணும்னே எழுதுறீங்களோன்னுகூட நெனச்சுட்டேன். போலீஸ்ல அப்படி எழுதச் சொன்னாங்களோன்னு. மன்னிச்சிருங்க."

அவர் அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறார். இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"முனீஸ்வரிகிட்ட என்ன பேசுனீங்க?"

"வாசல்ல நிக்காத தாயின்னேன். உன்னயப் பாத்து நாங்க இரக்கப்பட்டாலும் தப்பு, கோவப்பட்டாலும் தப்பு. வக்கீலப் போய்ப் பாருன்னேன். அவகிட்டப் பேசுனதே தப்புதான். கட்டைப் பிரிச்சதும் தப்புதான். எழுதணும்னா எழுதுங்க."

புவனேஸ்வரி கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவரிடமே கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார். முகம் கறுத்தது. முழுக்கப் படித்துவிட்டு, நான்காக மடித்துத் திரும்ப நீட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அதில் கேலி இருந்ததா, வலி இருந்ததா, அவளால் பிரிக்க முடியவில்லை.

கீழே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பெரியகருப்பன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"அம்மா, ரெடியா? இன்ஸ்பெக்டர் அய்யா கையோட வாங்கிட்டு வரச் சொன்னாரு. ரத்தம்னு இருக்குல்ல?"

அறிக்கை மேஜைமேல் இருந்தது. கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. அடித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. சேதுபதி சொல்ல மாட்டார். நாற்காலி தப்பும், ஐதராபாத்தும் கிடைக்கும். அந்த எண்ணம் வந்ததை அவள் உணர்ந்தாள். உணர்ந்ததும் உடம்பு கூசியது.

"இல்ல ஏட்டய்யா. அறிக்கை தப்பு. என் சோதனை தப்பு. சேதுபதி சார் திரும்பப் பண்ணுவாரு, நான் பக்கத்துல நிப்பேன். மூணு மணிக்கு வாங்க. டைரக்டருக்கும் நானே எழுதிருவேன்."

"தப்புன்னா... இன்ஸ்பெக்டர் கேட்டா என்னன்னு சொல்ல?"

"புவனேஸ்வரி தப்புப் பண்ணிருச்சுன்னு சொல்லுங்க."

பெரியகருப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். இந்த இரண்டு பேருக்குள் என்னவோ நடக்கிறது என்று அவரும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நோட்டைத் திரும்ப ஆரம்பிக்கணும் சார்," என்றாள் புவனேஸ்வரி. "என் தாளை நீங்க பாக்கணும். ஐதராபாத்துக்கும் உங்க பேரைத்தான்..."

"அது கெடக்கட்டும் மேடம்." முதல் தடவையாக அவர் அவள் பேச்சைக் குறுக்கே வெட்டினார். "இந்த ஒரு அருவா மட்டுந்தானா?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். சனிக்கிழமைதோறும் ஒச்சாயி கருவிகளைக் கொதிநீரில் போடுவாள், சாறு செத்துப்போகும். ஆக, முள்ளங்கி வந்த வாரங்களில் வியாழன் மத்தியானமும் வெள்ளியும் அவள் பார்த்த வழக்கெல்லாம் சந்தேகம்.

"எந்தெந்த வாரம் முள்ளங்கி வாங்குனீங்க?" சேதுபதி பென்சிலை எடுத்தார்.

அவளுக்கு நினைவில்லை. நினைவிருக்கிற ஆள் ஒருவன் உண்டு. தபால் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஒரு விஷயம். ஜூலையிலருந்து என்னென்னைக்கு முள்ளங்கி சாம்பார் வச்சேன்? சிரிக்காதீங்க. ஒருத்தர் தலை போற காரியம்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அசோக்குமார் தட்டுத் தடுமாறாமல் சொல்லத் தொடங்கினான், பட்ட வேதனையை மனுசன் மறப்பானா. ஜூலை பதினேழு. இருபத்துநாலு, அன்றைக்குத்தான் அவன் அக்கா வந்திருந்தாள். அடுத்த வாரம் வாழைத்தண்டு. ஆகஸ்ட் ஏழு தட்டுப்பாடு. ஆகஸ்ட் பதினாலு, மறுநாள் காலையும் அதே சாம்பார் என்று கொடியேற்ற வெறும் வயிற்றோடு போனான். அவன் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். சேதுபதி எழுதி, எழுந்து போய்க் கோப்புகளை உருவினார்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதிக் கோப்பில் அவர் கை நின்றது. அந்த அறிக்கை கோர்ட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது.

புவனேஸ்வரி போனை வைத்தாள். கோப்பை வாங்கக் கை நீட்டினாள், பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே பிரிங்க சார்," என்றாள். "ஓரம் மட்டுமா, நடுவுலயும் இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் தொடலை."