குறுக்கே ஆடிய விளக்கு

சுரங்கக் கூண்டில் இறங்கும்போதே சிரேலி ஆரம்பித்துவிட்டான். என் மாமன் மகன். என்னைக் கேலி செய்வதற்கென்றே பிறந்தவன். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அக்காவையும் என்னையும் பாறையைத் துளைக்கும் ஒரே காற்று ட்ரில்லில் ஜோடி போட்ட மேஸ்திரியும் அவன்தான்.

"இன்னைக்குத்தான் கடைசி, மச்சான். நாளைக்கு உங்க அக்கா புருஷனோட ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துருவா. இப்பவாவது வாயைத் தொறந்து, போயிட்டு வான்னு சொல்லேன்."

"நீ கொஞ்சம் வாயை மூடு."

பிஜியில் எங்கள் தீவுப் பக்கம், வளர்ந்த பிறகு அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசக் கூடாது, தொடக் கூடாது. என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அசெனாதா அக்கா, எனக்குக் குரல் உடைந்த வருஷம் பேச்சை நிறுத்தினாள். மரியாதையாம். அந்த மரியாதை எனக்கு ஒரு நாளும் செரித்ததில்லை. போவதற்குள் அவள் வாயால் ஒரு தடவை என்னைக் கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சுரங்கத்துக்குள் மட்டும் நாங்கள் பேசிக்கொண்டோம். ட்ரில் ஓடும்போது யார் குரலும் கேட்காது; தலைவிளக்குதான் வாய். மேலும் கீழும் ஆட்டினால் 'சரி, நடத்து.' குறுக்கே ஆட்டினால் 'நிறுத்து.' விளக்குக்கு எந்தத் தடையும் கிடையாது.

அன்றும் வழக்கம்போலத்தான். கூரையில் தொங்கிய கற்களை நான் கடப்பாரையால் தட்டி விழவைத்தேன். அவள் பாறையைக் கழுவி, பழைய வெடிப்பில் மிஞ்சிய குழிகளைத் தேடிப் பெயின்ட் அடித்தாள். உள்ளே வெடிக்காத மருந்து இருக்கலாம், அங்கே ட்ரில்லை வைக்கக் கூடாது. ட்ரில்லில் காற்று ஹோஸை மாட்டுமுன் காற்றைத் திறந்து உள்ளே கிடந்த மண்ணை ஊதித் தள்ளினாள். இணைப்பில் பாதுகாப்புக் கம்பியைக் கோத்து இழுத்துப் பார்த்தாள். எண்ணெய் ஊற்றினாள். நான் காதடைப்பைச் செருகிக்கொண்டேன். முதலில் தண்ணீர், பிறகு காற்று. விளக்கு மேலும் கீழும் ஆடியது. மெதுவாகத் தொடங்கி, முனை பாறையில் நன்றாகப் பிடித்த பிறகு வேகம் கொடுத்தேன்.

கடைசித் துளையும் முடிந்தது. ட்ரில்லை நிறுத்தினேன். இனி அவள் எனக்குப் பின்னால் இருக்கும் குழாய் வால்வை மூடி விளக்கைக் காட்டுவாள். ஹோஸில் மிஞ்சிய காற்றை நான் வெளியேற்றுவேன். அதற்குப் பிறகே இணைப்பைக் கழற்றலாம். காற்று இருக்கும்போது கழற்றினால் ஹோஸ் துள்ளி ஆளையே அடித்துப் போட்டுவிடும்.

எனக்குக் கிறுக்குப் பிடித்தது. அவள் வால்வைத் தொடுமுன், முதுகைக் காட்டிக் குனிந்து, பாதுகாப்புக் கம்பியை எடுத்துப் போட்டுவிட்டு இணைப்பில் கை வைத்தேன். கழற்றும் எண்ணமே எனக்கு இல்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

எதிர்ப் பாறையில் அவள் வெளிச்சம் குறுக்கே ஓடியது. நிறுத்து. பார்க்காதவன்போல இருந்தேன். வெளிச்சம் இன்னும் வேகமாக ஆடியது. கூப்பிடு அக்கா, உனக்கு வேறு வழியில்லை, கூப்பிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு சத்தமும் இல்லை.

ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து மல்லாக்க இழுத்துத் தள்ளினாள். நான் எழுந்து பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு போய் வால்வை மூடினாள். விளக்கு மேலும் கீழும் ஆடியது.

தொட்டாளே தவிர, கூப்பிடவில்லை. அவ்வளவு நெஞ்சழுத்தம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிஞ்சிய காற்றை வெளியேற்றிவிட்டு ஹோஸைச் சுருட்டினேன்.

மேலே ஏறும் கூண்டில் சிரேலி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினான். அப்போதுதான் காதடைப்பைப் பிடுங்கினேன்.

"செவிட்டுப் பயலே, அங்க என்னதான்டா நடந்துச்சு? உங்க அக்கா போட்ட கத்தல்ல அந்தப் பக்கத்துல இருந்து நான் ஓடி வர்றேன், அதுக்குள்ள நீ ஹோஸைச் சுருட்டிக்கிட்டு நிக்கிற."

"அக்காவா?"

"பின்ன? தொண்டை கிழியக் கூப்பிட்டா. விலிகேசான்னு உன் பேரைச் சொல்லிக்கூட இல்ல. லைலையாம். இந்த உடம்புக்கு லைலையா, மச்சான்?"

லைலை என்றால் குட்டிப்பயல். இடுப்பில் இருந்த காலத்துப் பெயர். சுரங்கத்தில் ஒருவருக்கும், சிரேலிக்கும்கூட, தெரியாது.

அக்கா கூண்டின் மறுமூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"எப்படிக் கூப்பிட்டா?" குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அதே மாதிரி சொல்லு."

சிரேலி என் முகத்தைப் பார்த்தான். கேலியை விட்டுவிட்டு, மெதுவாகச் சொல்லிக் காட்டினான். அவனுடைய கரகரத்த குரலில் அது யாருடைய பெயரோ போல இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றேன்.