சுண்டுவுக்குக் கூடுதல் நேரம்

லேப் அக்காவை நான் நம்பினேன். இப்போது ஆளாளுக்கு "உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்கிறார்கள். எப்படித் தெரியும்? குழைந்து பேசுகிற ரகமாக இருந்தால் சந்தேகப்பட்டிருக்கலாம். அவள் முகத்துக்கு நேரே திட்டுகிறவள். என் சமையலையும் என் கோபத்தையும், என் கணவரின் மீசையையும்கூட விட்டுவைத்ததில்லை. அப்படிப்பட்டவள் நம்பவைத்துக் கழுத்தை அறுப்பாள் என்று யாருக்குத் தோன்றும்? நேரில் இன்னமும் 'நீங்க, வாங்க'தான். இந்தக் கதையில் மட்டும் 'அவள்' என்றே சொல்லிக்கொள்கிறேன். வயிற்றெரிச்சல் அந்த அளவுக்காவது ஆறட்டும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. யாருக்கு எது தெரியுமோ அதை மற்றவர் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். நான் கல்யாணத்துக்கு முன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவள், அதனால் கணக்கு என் தலையில் விழுந்தது. அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். வீட்டின் பின்னறையில் நீளமாக ஒரு மேசை போட்டு, கண்ணாடிக் குழாய்களும் அடுப்பும் வைத்து அறிவியல் நடத்தினாள். லேப் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவள் மகளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். பாப்பா என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள், ஆனாலும் பாப்பாதான். பாப்பா கணக்குக்கு என்னிடம் வருவாள், என் மகன் சுண்டு அறிவியலுக்கு அங்கே போவான்.

சுண்டுவுக்கு அறிவில் குறையில்லை. எழுத்துதான் அவனுக்கு வழிவிடாது. ஒரு வரியைப் படிக்க விரலை வைப்பான், பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து வருவான். பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியர் அவனை எழுப்பி நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்வார். வகுப்பே சிரிக்கும். காலையில் பள்ளி வாசலைக் கண்டாலே வாந்தி எடுப்பான். ஒருநாள் அந்த வாசலிலிருந்தே அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன், அதோடு சரி.

அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாட்களில் சுண்டு அவர் கூடவே போய், எந்தக் கயிறு எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டான். அவனும் லிஃப்ட் மெக்கானிக் படிப்பில் சேர வேண்டும், அதற்குக் கணக்கிலும் அறிவியலிலும் தேற வேண்டும். இந்த வருடம்வரை மதிப்பெண் இருந்தால் போதும். அடுத்த வருடத்திலிருந்து எழுத்து நுழைவுத் தேர்வு வேறு வைக்கப் போகிறார்களாம். பக்கம் பக்கமாகப் படித்துப் பதில் எழுதும் தேர்வு. அதாவது, இந்த வருடம் தேறாவிட்டால் என் பிள்ளைக்கு அந்தக் கதவு அடைபட்ட மாதிரிதான்.

வீட்டில் படிக்கிற பிள்ளை அரசுத் தேர்வு எழுத வேண்டுமென்றால், அவனைத் தனித்தேர்வராகச் சேர்த்துக்கொள்ள ஏதாவது ஒரு பள்ளி மனம் இறங்க வேண்டும். நான் ஏறி இறங்காத படியில்லை. "எங்க பிள்ளைகளுக்கே இடம் பத்தலைங்க" என்பதை எத்தனை விதமான குரலில் சொல்ல முடியுமோ அத்தனையிலும் கேட்டுவிட்டேன். கடைசியில் ஒரு பள்ளியின் தேர்வுப் பொறுப்பாளர் மட்டும் உட்காரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"கூடுதல் நேரம் குடுக்கலாம்மா, விதி இருக்கு. வீட்டுல ஒரு தாள் எழுத எவ்வளவு நேரம் எடுத்துக்கறான்?"

"முடியற வரைக்கும் எழுதுவான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடிகாரம் பார்க்காமல் படிக்க வைப்பதுதான் எங்கள் பெருமை. மணி அடிக்காது, யாரும் தாளைப் பிடுங்கமாட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் நேரம் எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு நேரம் போதவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

"அம்மா சொல்றதை நான் எடுத்துக்க முடியாது. எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்வாங்க" என்று சிரித்தார். "வெளியாள் யாராவது பாடம் நடத்தியிருக்காங்களா? அவங்க வந்து, இவன் எப்பவுமே கூடுதல் நேரத்துலதான் எழுதறான்னு சொன்னாப் போதும்."

லேப் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "இதுக்கா இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? நான் வந்து சொல்றேன், போ" என்றாள். எனக்கு அப்போதே பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

சொன்ன நாளில் இருவரும் சேர்ந்துதான் போனோம். பொறுப்பாளரின் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தம்பதி, மடியில் சின்னப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் எங்களைப் போலத்தான், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா என்ற யோசனையில் விசாரிக்க வந்தவர்கள். லேப் அக்காவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். அதோடு, அவள் அப்போதுதான் மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று படிப்பு மையம் தொடங்கியிருந்தாள். பெயர்ப்பலகையில் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

"இவங்க பையன் என்கிட்ட வரும்போது ஒரு வரி படிக்க மாட்டான். இன்னிக்கு என் பொண்ணோட ஒண்ணா உக்காந்து ஒண்ணா எழுதி முடிக்கிறான். கேட்டுப் பாருங்க" என்று என் தோளைத் தட்டினாள். அந்த அம்மாள் என்னை ஏக்கத்தோடு பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவன் அங்கே பாப்பாவோடு சேர்ந்து முடிப்பது எனக்கும் ஆச்சரியம்தான். பிடித்த பாடம், அதனால் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பொறுப்பாளர் அவள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, பையனுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுதா?" என்று கேட்டார்.

அவள் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தாள்.

"ஆரம்பத்துல கஷ்டப்பட்டான் சார், இல்லைங்கல. இப்ப என் பொண்ணும் அவனும் ஒரே தாளைத்தான் எழுதறாங்க, ஒண்ணாத்தான் முடிக்கிறாங்க. தேவைப்படும்னு சொல்ல முடியாது."

கேள்வி புரியாமல் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். அப்போது புரிந்துபோயிற்று, அவளுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருக்கிறது என்று.

"அம்மா ஒண்ணு சொல்றீங்க, டீச்சர் ஒண்ணு சொல்றாங்க" என்று பொறுப்பாளர் நெற்றியைத் தேய்த்தார். நல்ல மனிதர். "சரி, பையனைக் கூட்டிட்டு வாங்க. பழைய தாள் ஒண்ணு தர்றேன். என் கண் முன்னாடி, சாதாரண நேரத்துல எழுதட்டும். அவனால முடியலைன்னா, கூடுதல் நேரம் வேணும்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

படியிறங்கி, சைக்கிள் நிறுத்துமிடம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

"என்னக்கா இது?"

"நான் பொய் சொல்லலியே. ஒண்ணாத்தானே முடிக்கிறாங்க?"

"எப்படி முடிக்கிறான்? அதைச் சொல்லுங்க. வீட்டுல ஒரு தாளுக்குப் பொழுதே சாஞ்சுடுதே!"

அவள் யாருடைய சைக்கிள் மணியையோ விரலால் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "நீ கொண்டுவந்து விட்டதுமே அவன்கிட்ட தாளைக் குடுத்துடுவேன். பாப்பாவை உடனே உக்கார விடமாட்டேன். துணி காயப் போடு, பாத்திரத்தை எடுத்து வைன்னு ஏதாவது சொல்லி நிறுத்தி வெச்சிருப்பேன். அவன் பாதி தூரம் போனப்புறம்தான் அவ வருவா. பின்தங்கறோம்னு அவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன்."

வேறு எந்த நாளில் இதைச் சொல்லியிருந்தாலும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பெற்றவள் எனக்கே தோன்றாத கரிசனம் அது. அந்தக் கரிசனத்தையே எடுத்து என் பிள்ளை தலையில் கல்லாகப் போட்டிருக்கிறாள்.

"அதைத்தானே அவர் உள்ள கேட்டார்? அதை அப்படியே சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே!"

"அவங்க ரெண்டு பேரும் வெளிய கேட்டுக்கிட்டு இருந்தாங்கடி. இப்பதான் அவ்வளவு சொன்னேன் அவங்ககிட்ட. உள்ள போய் மாத்திச் சொன்னா என் மானம் என்ன ஆகறது? சுண்டுவைக் காட்டித்தான் நாலு பேர் மையத்துக்கு வர்றாங்க." குரல் கொஞ்சம் தணிந்தது. "ஒரு தாள்தானே. எழுதிக் காட்டட்டும். முடியலைன்னா அவரே குடுத்துடறேங்கறார்."

"முடியலைன்னா! அப்ப என் பிள்ளை அந்நிய மனுஷன் முன்னாடி தோத்துக் காட்டணும். உங்க மானம் மட்டும் கப்பல் ஏறக் கூடாது. அப்படித்தானே?"

"கத்தாதே, பாக்கறாங்க" என்றாள். அவளை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது. பாப்பா போனில் சொல்லியிருக்கிறாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சுண்டு ஓடிவந்தான்.

"அம்மா! லேப் அத்தை சொல்லிட்டாங்களாமே, எனக்குக் கூடுதல் நேரமே வேண்டாம்னு! நான்தான் சொன்னேன்ல உன்கிட்ட, அங்க நான் கரெக்டா முடிச்சிடறேன்னு?" என் கையைப் பிடித்து ஆட்டினான். பதினாறு வயசில் அம்மா கையைப் பிடித்து ஆட்டுகிற பிள்ளை எத்தனை பேர் இருப்பார்கள்? "எல்லாரும் எழுந்து போனப்புறம் நான் மட்டும் மொக்கையா உக்காந்திருக்க வேண்டாம்மா. எல்லாரோடயும் நானும் வெளிய வந்துடுவேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பாவம் என்றுதான் சொல்லவில்லை, ஆனால் அது மட்டும் இல்லை. விஷயம் தெரிந்தால் அந்தத் தாளை எழுத வரமாட்டேன் என்று அடம்பிடிப்பான். அவன் போய், எழுதி, முடிக்க முடியாமல் திரும்பினால்தான் அந்த நேரம் கிடைக்கும். அதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சாதித்தால் நானும் லேப் அக்காவும் ஒன்றாகிவிடுவோம்.

பொறுப்பாளர் சொன்ன நாளன்று சுண்டுவுக்குத் தலை வாரிவிட்டு, "நல்லா எழுது" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அறைக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறுப்பாளர் தாளைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தார். சுண்டு முதலில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். விரலை வரியில் வைத்தான், நகர்த்தினான், திரும்ப வந்தான், எழுதினான். கொஞ்ச நேரம் போனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அடிக்கடி பார்க்க ஆரம்பித்தான். தாளைப் புரட்டி மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தபோது அவன் காது சிவந்துபோனது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், போதும் வாடா என்று இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது. போகவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

நேரம் முடிந்தது. பொறுப்பாளர் தாளை எடுக்கப் போனார். சுண்டு அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உடனே விடவில்லை. அவரும் பிடுங்கவில்லை, காத்திருந்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து என்னிடம், "கண்டிப்பாத் தேவைம்மா. நான் எழுதிக் குடுத்துடறேன், கவலைப்படாதீங்க" என்றார். "பாதிதான் எழுதியிருக்கான். ஆனா எழுதினதுல ஒண்ணுகூடத் தப்பில்லை. கெட்டிக்காரன்."

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் வந்தது, உடனே வெட்கமும் வந்தது. சுண்டு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழுவினான்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் பார்த்து நின்ற பிறகுதான் ஆரம்பித்தான்.

"பாப்பா எப்பவுமே லேட்டாத்தான் வந்து உக்காருவா."

"ம்."

"சோம்பேறி, சோம்பேறின்னு அவளைக் கிண்டல் பண்ணுவேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சிரிச்சுக்கிட்டே இருப்பா." சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான். "அவளுக்கும் தெரியும், இல்ல? அத்தைதான் அப்படி நிறுத்தி வெச்சாங்க."

அவ்வளவுதான், எனக்கு அணை உடைந்துவிட்டது. அவள் மையம், அவள் பலகை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பதி, நகர்த்திக்கொண்ட கால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் கட்டிய சப்பைக்கட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். ஊருக்கு உன்னைக் காட்சிப் பொருளாக்கிவிட்டு, உன்னைக் கைவிட்டுவிட்டாள் பார் என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் உனக்கு எப்பத் தெரியும்?" என்றான் சுண்டு.

நான் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

"சைக்கிள் ஸ்டாண்டுல சொன்னாங்கன்னா, அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. நான் ஓடி வந்து உன் கையைப் பிடிச்சப்ப தெரியும். காலைல நல்லா எழுதுன்னு சொன்னப்பவும் தெரியும்."

"உனக்கு நேரம் கிடைக்கணும்னுதான்டா கண்ணா…"

"அத்தையும் எனக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லியிருப்பாங்களே."

பஸ் வந்தது. அவன் முதலில் ஏறினான். பின்னால் இரண்டு பேர் உட்காரும் இருக்கைகள் நிறையவே காலியாக இருந்தன. அவன் முன்பக்கத்திலேயே, யாரோ ஒரு தெரியாத ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.