எடுக்காத அளவு

ஜாய்சன் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அடக்க ஆராதனையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பில் உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லும் கடைசி வரி மட்டும் பாக்கி. கூடத்தில் சவப்பெட்டிக்குள் அப்பா அசரியா கிடந்தார். முப்பத்திரண்டு வருடம் தாம்பரத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் நடத்தியவர்.

"டைம் என்னன்னு போடட்டும்மா?"

"தெரியலப்பா," என்றாள் ரத்தினபாய்.

நேற்று மூன்றே முக்காலுக்கு அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். மழை இருட்டிக்கொண்டு வரவே, துணி எடுக்க மாடிக்குப் போனாள். பக்கத்து மாடியில் சுபத்ரா பேச்சுக் கொடுத்தாள். இறங்கி வந்தபோது நாலு பத்து. மூச்சு இல்லை.

நாலு மணி என்றே போட்டுவிடலாம் என்றான் ஜாய்சன். அம்மா பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருக்க அமைதியாகப் போனார் என்றால் கேட்பவர்களுக்கும் ஆறுதல். அந்த வரி அவளுக்குப் பிடித்திருந்தது. சபையில் ஒருமுறை வாசித்துவிட்டால் போதும், நாளடைவில் தானே அதை நம்பிவிடலாம்.

இதே கூடத்தில் ஜன்னல் கம்பியில் நூல் கட்டி ஊசல் குண்டைத் தொங்கவிட்டு அவர் டியூஷன் எடுத்திருக்கிறார். ஓர் அலைவின் நேரத்தை மட்டும் அளந்தால், கடிகாரத்தை அமுக்கும் விரலின் தாமதம் முழுவதும் அதில் ஏறிவிடும். இருபது அலைவுகளின் நேரத்தை அளந்து வகுத்தால் தாமதமும் இருபதாகப் பிரிந்து சிறுத்துப்போகும் என்பார். எண்ணிக்கை தவறிய பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்த்துப் பொருத்தமாக ஓர் எண்ணை எழுதிவைப்பார்கள். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வரும்.

"பாக்காதத எழுதாத. வெறும் கோடு போடு. அப்பதான் அடுத்து வர்றவனுக்கு எங்க தேடணும்னு தெரியும்."

அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டிருப்பாரோ. ரத்தினம் என்று கூப்பிட்டிருப்பாரோ. ஒருமுறையா, இரண்டு முறையா.

"மூணே முக்காலுக்கு இருந்தாரு. நாலு பத்துக்கு இல்ல. நடுவுல நான் பக்கத்துல இல்ல. அப்படியே எழுது."

"பாஸ்டர் இத வாசிப்பாராம்மா?"

"வாசிக்கட்டும். வர்றவங்கள்ல பாதிப் பேரு அவர்கிட்டப் படிச்சவங்க. நீயும்தான், பக்கத்து நோட்டப் பாத்து எழுதி ரெண்டு தடவ மாட்டினவன்."

அவன் எழுதினான். வாசலில் வண்டி வந்து நின்றது. ரத்தினபாய் நாற்காலியை இழுத்து, பெட்டியின் தலைமாட்டில் போட்டாள்.

"வண்டி வந்துருச்சும்மா."

"கொஞ்ச நேரம் இவர்கூட உக்காந்துட்டு வரேன்பா."

ஜாய்சன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு வெளியே போய், இஞ்சினை நிறுத்தச் சொன்னான்.