ஊன்றிய கை

எதிரே நிற்பவர்களிடம் ‘ஸ்டெடி... ஸ்டெடி...’ என்று சொல்லிவிட்டுத்தான் கேமராப் பொத்தானை அமுக்குவான் என்பதால் அவனுக்கு ஸ்டெடி என்றே பேர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். அந்த ஸ்டெடிக்குத்தான் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. முதலில் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தான். அப்புறம் சமதரையில் தடுக்கினான். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், மின்சாரம் விட்டுப் பார்த்தார், கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது என்றார். இடது காலுக்கும் வருமா என்று மனைவி கேட்டாள். ‘வரும்’ என்று சொல்ல அந்த மகராசனுக்குத் துளித் தயக்கம் இல்லை.

இதை வெளியே சொல்ல முடியாது. அவன் வேலை பார்க்கிற போட்டோ ஸ்டூடியோ மனைவியின் தம்பியுடையது. மைத்துனன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. தெரிந்த அடுத்த நிமிஷமே, ‘நீங்க எதுக்கு மாமா அலையணும்’ என்று பின்னறையில் உட்கார வைத்துவிடுவான். பின்னறை என்றால் ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. ஒரு வெள்ளைத் திரை, இரண்டு ஸ்டூல், சுவரில் இரும்புக் கையில் மாட்டி வைத்த ஒரு கேமரா. வருகிறவர்கள் காது தெரிய உட்கார வேண்டும், இவன் ஒயர் முனைப் பொத்தானை அமுக்க வேண்டும். பாஸ்போர்ட் படம். குரங்கைப் பழக்கினால் அதுவும் எடுக்கும் என்று ஸ்டெடியே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறான். வெளியே போய்ப் படம் எடுக்கிற வெளிவேலைதான் அவனுக்கு உயிர். அது போனால் தானும் போன மாதிரிதான் என்று அவன் மனசுக்குள் முடிவே கட்டியிருந்தான்.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். ராத்திரி பகலாகப் போனைத் தடவி, எங்கேயோ இருந்து ஒரு தடியை வரவழைத்தாள். மலையேறுகிறவர்கள் ஊன்றிக்கொண்டு போகிற தடி. தலையில் மரக் குமிழ். குமிழைத் திருகிக் கழற்றினால் உள்ளே கேமராவைப் பொருத்துகிற திருகு. நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தால், ஒற்றைத் தடி மூன்று காலாக விரிந்து ஸ்டாண்டாக நிற்கும்.

“கைத்தடி வாங்கினா ஊரே என்ன ஏதுன்னு கேக்கும். இத ஊனிக்கிட்டுப் போங்க, என் தம்பிக்குக்கூட சந்தேகம் வராது. போட்டோகாரர் கையில ஸ்டாண்டு இல்லாம கரண்டியா இருக்கும்?” என்றாள்.

ஸ்டெடி கூடத்தில் அதை ஊன்றி இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் மேல் அவனுக்கு அவ்வளவு பாசம் பொங்கியதில்லை.

ஒரே ஒரு சங்கடம். அது தடியாக இருக்கும்போது ஸ்டாண்டு இல்லை, ஸ்டாண்டாக இருக்கும்போது தடி இல்லை. கேமராவை அதன் தலையில் ஏற்றிவிட்டால் ஸ்டெடி அம்போ! அதற்கும் தந்திரம் வைத்திருந்தான். சுவரோ தூணோ இருந்தால் முதுகைச் சாய்த்துக்கொள்வான். எதுவும் இல்லையென்றால், ஸ்டாண்டைக் குட்டையாக்கிவிட்டு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ‘லோ ஆங்கிள்’ என்பான். வாடிக்கையாளர்கள் சொக்கிப்போனார்கள். எங்களை இவ்வளவு உயரமாக யாரும் காட்டியதில்லை என்றார்கள். “மாமா, லோ ஆங்கிள்ல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல,” என்றான் மைத்துனன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிப் புருஷனும் பெண்டாட்டியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அருவி வந்தது. மலையடிவாரத்தில் புதிதாகத் திறக்கிற ஹோட்டலின் அறைகளில் மாட்ட, மேலே இருக்கிற அருவியைப் படம் எடுத்துத் தர வேண்டுமாம். “நானும் வரேன் மாமா, உடம்பு இறங்கின மாதிரி இருக்கும்,” என்று தொப்பையைத் தட்டிக்கொண்டு மைத்துனனும் கிளம்பிவிட்டான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? மனைவி வாசல்வரை வந்து, தம்பிக்குக் கேட்காமல், “அவசரப்படாதீங்க, ஒவ்வொரு அடியும் பாத்து வைங்க,” என்றாள்.

ஏற்றம் அவன் பயந்த அளவுக்கு இல்லை. தடி பேஷாகத் தாங்கியது. மூட்டையாகக் கேமராவைச் சுமந்துகொண்டு மைத்துனன்தான் புஸ்புஸ் என்று இரைத்தான். வழியில் ஒரு வாலிபக் கூட்டம் நின்று, “அண்ணே, இது ஸ்டாண்டாகூட ஆகுமா?” என்று கேட்டது. ஸ்டெடி ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு விரித்துக் காட்டினான். அடேயப்பா என்று அவர்கள் வாயைப் பிளந்தார்கள். இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிவிடலாம் என்று அவனுக்கு அப்போது தோன்றியது. பாவம், தோன்றத்தான் செய்தது.

அருவிக்கு எதிரே இடுப்பளவு புதர். முட்டி போட்டால் இலைதான் தெரியும், லோ ஆங்கிள் பலிக்காது. நல்லவேளையாக ஓரத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதில் இடுப்பைச் சாய்த்து, ஸ்டாண்டை முழு உயரத்துக்கு விரித்து, குமிழைச் சட்டைப் பையில் போட்டு, கேமராவை மாட்டினான். தண்ணீர் பால் மாதிரி வழிந்து தெரிய வேண்டும், அதற்குக் கேமரா அசையாமல் சில விநாடி நிற்க வேண்டும். எல்லாம் சரியாக வைத்தாயிற்று.

“மாமா, இங்க வந்து பாருங்க! இங்கருந்து அருவியோட ரெண்டு கிளையும் தெரியுது!” என்று கத்தினான் மைத்துனன். பதிலுக்குக் காத்திருக்காமல், ஓடிவந்து ஸ்டாண்டைக் கேமராவோடு அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் நடுப்பாறையில் வைத்துவிட்டான். சாய ஒரு குச்சிகூட இல்லாத வெட்டவெளி.

ஸ்டெடி நடந்தான். எப்படியோ நடந்துவிட்டான். காலை அகட்டி வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முதல் படத்தை எடுத்தான். திரையில் பார்த்தால், அம்மாடி! இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு படம் அவன் எடுத்ததில்லை. இன்னொன்று எடுக்கலாம் என்று கேமராவை ஓடவிட்டுக் கையை எடுத்தான்.

“மாமா, டீ,” என்று மைத்துனன் பக்கவாட்டில் பிளாஸ்க் மூடியை நீட்டினான்.

ஸ்டெடி இடது கையை நீட்டித் திரும்பினான். அவ்வளவுதான் அவன் நினைத்துச் செய்தது. வலது கை அவனைக் கேட்கவில்லை. இத்தனை மாதமாகத் திரும்பும்போதெல்லாம் அது எதைச் செய்து பழகியதோ, அதையே செய்தது. தடியின் தலையில் போய் உட்கார்ந்து, உடம்பின் பாரத்தை எல்லாம் இறக்கியது. அங்கே குமிழ் இல்லை, கேமரா இருந்தது. மூன்று காலும் ஒரு பக்கமாக மடங்க, கேமரா பாறையில் மோதி, துள்ளி, தண்ணீரில் விழுந்தது. ஸ்டெடியும் விழுந்தான்.

போன மாதம்தான் ஆசை ஆசையாக வாங்கிய கேமரா. லென்ஸ் மூடி தொலைந்தாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவன் மைத்துனன். இன்று திட்டட்டும், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கட்டும் என்று ஸ்டெடி படுத்தபடியே வேண்டிக்கொண்டான். மைத்துனனோ கேமரா பக்கம் திரும்பவே இல்லை. நேரே இவனிடம் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். தூக்கும்போது வலது கால் துணி மாதிரி இழுபட்டு வருவதைப் பார்த்தான்.

“எவ்வளவு நாளா மாமா இப்படி?”

ஸ்டெடி முழங்கையில் சிராய்த்த இடத்தைத் துடைத்தான்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

மைத்துனன் அவனைப் பாறையில் உட்கார வைத்தான். அப்புறம் தண்ணீரில் இறங்கிக் கேமராவை எடுத்தான். கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஸ்டாண்டின் திருகு முறிந்து கேமராவின் அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டின் கால்களைச் சேர்த்து முறுக்கி மறுபடி தடியாக்கினான். ஸ்டெடி சட்டைப் பையிலிருந்து குமிழை எடுத்துக் கொடுத்தான். மாட்டத் திருகு இல்லை. மைத்துனன் வைக்க வைக்க அது கழன்று கழன்று விழுந்தது. கடைசியில் தன் கைக்குட்டையை அந்த மொட்டை முனையில் சுற்றிக் கட்டி, “பிடிச்சுக்குங்க, கைய அறுக்காது,” என்று நீட்டினான்.

போனை எடுத்து அருவியை நாலு படம் எடுத்தான். “இது போதும் மாமா, இப்பல்லாம் போன்லயே நல்லா வருது,” என்றான். ஆறுதல் சொல்கிறானாம்!

இறங்கும்போது எதிரே ஒரு குடும்பம் ஏறி வந்தது. “டேய், ஓரமா நில்லு, தாத்தாவுக்கு வழி விடு,” என்று தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டாள். ஸ்டெடிக்குத் தலையில் ஒரு முடி நரைக்கவில்லை. அவள் பார்த்தது தடியை. இது எப்படி விரியும் என்று இப்போது யாரும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் தம்பி புருஷனைத் தாங்கி வருவதைப் பார்த்ததுமே மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பியை அனுப்பிவைத்தாள். அப்புறம் தடியை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையை அவிழ்த்து, முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“கம்பெனிக்கு எழுதிக் கேட்டா புதுசா திருகு அனுப்புவாங்கங்க. மாத்திக்கலாம்.”

“எதுக்கு?” என்றான் ஸ்டெடி.

அவள் குமிழை அலமாரிக்குள் வைத்தாள். கைக்குட்டையை எடுத்து முன்பைவிட இறுக்கமாகக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மறுநாள் காலையில் மைத்துனன் வண்டியோடு வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவன் கூட்டிப்போக வந்ததில்லை. “நீங்க பின்னாடி ஏறுங்க மாமா, மெதுவா,” என்றான். தடியை வாங்கிக் குறுக்கே வைத்துக்கொண்டான். வண்டியின் முன்பக்கம் ஒரு பை தொங்கியது. பின்னறை ஸ்டூலில் போட்டு உட்காருவதற்கு மெத்தை வாங்கி வந்திருந்தான்.