நன்றியுரை: சந்திரமதி றஞ்சித்

என் மனைவி சந்திரமதி தேர்தலில் நிற்கப்போகிறாள் என்ற செய்தியை எனக்குச் சொன்னது அவள் இல்லை, ஞானசேகரம் அண்ணை. இத்தாலியில், பலெர்மோவின் பல்லறோ சந்தையில், மீன்காரனுடைய கத்தலுக்கு மேலாகக் கத்திக் கேட்டார்.

"என்ன றஞ்சித், மனிசிக்கு என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லையே அண்ணை."

"பிறகேன் எலெக்சன் கேக்கிறா?"

மீனை வெட்டச் சொல்லாமலே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவு குழப்பம்.

பலெர்மோ நகரசபையில் வெளிநாட்டுக்காரருக்கென்று ஓர் ஆலோசனைச் சபை இருக்கிறது. போன முறை தமிழரில் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவர் காலை ஒருவர் வாரி, ஐந்து பேரும் தோற்றார்கள். அதனால் இந்த முறை எங்களுக்குள்ளே முதலில் ஒரு தேர்தல் வைப்பது, அதில் வெல்லும் ஒருவரை மட்டும் நிறுத்துவது, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு அவருக்கே போடுவது என்று முடிவானது. வாயை மூடுவது என்ற பகுதியை யாரும் நம்பவில்லை.

நிற்கப்போவது யார் யார் என்று ஊருக்கே தெரியும். ஒருவர் ஞானசேகரம் அண்ணை. கோயில் நிர்வாக சபைத் தலைவர், எனக்குத் தூரத்துச் சொந்தம், நான் இங்கே வந்து இறங்கிய கிழமையே மாடிப்படி கழுவும் வேலை எடுத்துத் தந்தவர். மற்றவர் பீலிக்ஸ் அண்ணை. தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர், எந்தக் கல்யாணத்திலும் மைக்கை வாங்கினால் திருப்பிக் கொடுக்காதவர். இவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக என் மனைவி. ஒரு வயதுபோன இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, பின்னேரம் ஒரேத்தோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு பஸ் பிடித்து வருகிறவள்.

அவள் வேலையால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"நீர் எலெக்சன் கேக்கிறீராம்?"

"ஓம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"சொன்னா வேண்டாம் எண்டுவியள். அதுக்குப் பிறகும் நான் கேக்கத்தான் போறன். ஏன் ரெண்டு பேருக்கும் வீண் வேலை?"

அவள் கேட்பது ஒரே ஒரு விஷயம். நகரசபை ஆதரவில் நடக்கும் இலவச இத்தாலிய வகுப்பு செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கிறது. வீட்டு வேலைக்குப் போகிற எவருக்கும் செவ்வாய் காலை ஓய்வில்லை. ஓய்வு வியாழன் பின்னேரம். வகுப்பை வியாழன் பின்னேரத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

"இத்தினை வருசம் இஞ்சை இருந்திட்டு இனி என்ன பாஷை?" என்று பகிடியாகக் கேட்டேன். "சிஞ்ஞோரா சொல்லுறது உமக்கு விளங்குதுதானே."

"அவ சொல்லுறது விளங்குது. நான் சொல்லுறதுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை" என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு பெனடிக்ற் வந்தார். பலெர்மோத் தமிழரின் பிறந்தநாள் முதல் செத்தவீடு வரை அவர்தான் ஒழுங்கு செய்வார். எல்லாவற்றுக்கும் நிகழ்ச்சி நிரல் உண்டு. தேர்தலன்று வாக்களிப்புக்கு முன்னால் வேட்பாளர்கள் மேடையில் இருந்து விவாதிப்பார்கள் என்றும், மேடையில் இரண்டு கதிரைதான் என்றும் சொன்னார்.

"மூண்டு பேரெல்லோ நிக்கிறம்?" என்றாள் சந்திரமதி.

"ஓம் தங்கச்சி. வாக்குத் துண்டிலை உங்கடை பெயரும் இருக்கு. ஆனா விவாதம் தெரிஞ்ச வேட்பாளருக்கு மட்டும் எண்டு குழு முடிவெடுத்திருக்கு. சனத்துக்கு உங்களைத் தெரியாதே."

"மேடையிலை ஏத்தினாத்தானே அண்ணை தெரியும்."

"தெரிஞ்சாத்தானே தங்கச்சி மேடையிலை ஏத்தலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை ஒப்பந்தம் கொண்டுவந்தால் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, தருவோம் என்று ஓர் அலுவலகமும், பெர்மெசோ கொண்டுவந்தால் ஒப்பந்தம் தருவோம் என்று முதலாளியும் எங்களை அலைக்கழித்த கதை இங்கே எல்லாருக்கும் உண்டு. அந்தக் கதையில் நாயடி பட்ட பெனடிக்ற்றே இப்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார்.

சந்திரமதி சண்டை பிடிக்கப்போகிறாள் என்று அவருக்கும் பயம், எனக்கும் பயம். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு அவரே ஒரு சமாதானம் சொன்னார்.

"ஒண்டு செய்வம். நன்றியுரையை நீங்கள் செய்யுங்கோ."

எங்கள் விழாக்களில் நன்றியுரை என்பது வேறு ஒன்றும் கொடுக்க முடியாத ஆளுக்குக் கொடுப்பது. தலைமையுரை பெரிய மனிதருக்கு, சிறப்புரை இன்னும் பெரிய மனிதருக்கு, நன்றியுரை கோபித்துக்கொள்ளக்கூடிய யாருக்காவது. அந்த நேரம் சனம் பிள்ளைகளின் ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கும். மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சாப்பாடு எப்ப அண்ணை குடுப்பியள்?"

"நன்றியுரைக்குப் பிறகுதான். வழமைதானே."

"சரி, செய்யிறன்" என்றாள். முகத்தில் ஒரு நல்ல சிரிப்பு. நானும் பெனடிக்ற்றும் பெரிய கண்டத்தைத் தாண்டியவர்களாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தேர்தல் நாளன்று அல்பெர்கேரியாவில் தேவாலய மண்டபம் நிறைந்துவிட்டது. மட்டன் ரோல்ஸ் வாசம் சமையலறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நானும் மகள் ஆரணியும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். சந்திரமதி நீலச்சேலை கட்டி, மேடைக்குக் கீழே ஓரமாக, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

விளக்கை யார் முதலில் ஏற்றுவது என்பதிலேயே நல்ல நேரம் போய்விட்டது. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. கடைசியில் விவாதம் தொடங்கியபோது பெனடிக்ற் மேசையில் ஒரு பித்தளை மணியை வைத்தார். பேச்சு நீண்டால் அடிப்பாராம்.

ஞானசேகரம் அண்ணை தமிழரின் பெருமையைக் கல்தோன்றாக் காலத்திலிருந்து தொடங்கினார், அவர்கள் கப்பலேறுவதற்குள் மணி அடித்தது. பீலிக்ஸ் அண்ணை ஒரு பாட்டுடன் தொடங்கினார், பாட்டு முடிய மணி அடித்தது. சபைக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பலெர்மோவில் ஒரு தமிழருக்குச் சிலை வைப்பேன் என்றார் ஞானசேகரம் அண்ணை. அதைவிடப் பெரிய சிலை வைப்பேன் என்றார் பீலிக்ஸ் அண்ணை. யாருடைய சிலை என்று இரண்டு பேரும் சொல்லவில்லை, சனமும் கேட்கவில்லை. கைதட்டல் மட்டும் கூரையைத் தொட்டது.

பிறகு வாக்களிப்பு. சனம் சாப்பிடும்போது எண்ணி முடித்துவிடலாம் என்று பெனடிக்ற் அதை நன்றியுரைக்கு முன்னாலேயே வைத்திருந்தார். வாக்குப்பெட்டி ஒரு வெறும் பனெத்தோனே கேக் பெட்டி, சுற்றிவர ஒட்டுநாடா ஒட்டி, மேலே ஒரு கீறல்.

வரிசையில் நின்றபோது எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே கதைதான். "உங்கடை மனிசி நல்ல பிள்ளை றஞ்சித். ஆனா வெல்லமாட்டா. போட்டா வாக்கு வீணாப் போயிடும்." எல்லாரும் இதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீணாகப் போகிற வாக்கை அவளுக்குப் போட்டு என்ன பயன்? ஞானசேகரம் அண்ணையும் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அவருடைய பெயருக்கு நேரே புள்ளடி போட்டு, துண்டை நாலாக மடித்துக் கீறலுக்குள் தள்ளினேன். திரும்பும்போது சந்திரமதி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நன்றி சொல்கிற தலையசைப்பு.

"இறுதியாக, நன்றியுரை" என்றார் பெனடிக்ற், ஏற்கனவே எழும்பி நின்றுகொண்டு.

சந்திரமதி மேடையேறி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"மண்டபம் தந்த பாதருக்கு நன்றி. விளக்கேத்தின எல்லாருக்கும் நன்றி. சிலை வைக்கப்போற ஞானசேகரம் அண்ணைக்கு நன்றி. எங்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் லீவு, போக ஒரு இடமில்லை, சிலைக்குக் கீழை போய் இருக்கலாம். அதைவிடப் பெரிய சிலை வைக்கப்போற பீலிக்ஸ் அண்ணைக்கும் நன்றி. அதிலை நிழல் கூட."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜாக்கெட் தேடிய கைகள் நின்றன. பெனடிக்ற் மணியை அடித்தார்.

"மணி அடிச்ச பெனடிக்ற் அண்ணைக்கும் நன்றி" என்றாள். இப்போது மண்டபமே சிரித்தது. அவர் மறுபடி அடிக்கவில்லை. நன்றியுரைக்கு நேர எல்லை நிரலில் இல்லை. எழும்பிப் போக ஒருவராலும் முடியாது, ரோல்ஸ் இன்னும் உள்ளேதான் இருந்தது.

"ஓசியிலை இத்தாலியன் படிப்பிக்கிற ஆக்களுக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்குப் படிப்பிக்கினம். அந்த நேரம் நாங்கள் எல்லாரும் சிஞ்ஞோராவைக் குளிக்க வாத்துக்கொண்டு நிக்கிறம். ஆனாலும் படிப்பிக்கினம், அதுக்கு நன்றி சொல்லத்தானே வேணும்."

சமையலறைக் கதவடியில் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். சந்திரமதி எங்கள் வரிசையைப் பார்த்தாள்.

"கடைசியா என்ரை மகள் ஆரணிக்கு நன்றி. நாலு வருசத்துக்கு முதல் ஆஸ்பத்திரியிலை டொக்டர் எனக்கு என்னவோ சொன்னார், விளங்கேல்லை. இவர் வேலையிலை. பிள்ளைதான் பக்கத்திலை நிண்டது. 'அம்மா, உங்கடை வயித்துக்குள்ளை நான் இருந்த இடத்தை எடுக்கவேணுமாம்' எண்டு அவள்தான் எனக்குச் சொன்னவள். அவளுக்கு அப்ப பத்து வயது. கர்ப்பப்பைக்குத் தமிழ் தெரியாது, அதாலை அப்பிடிச் சொன்னவள். பிறகு என்னட்டை, நோகுமோ எண்டு டொக்டரைக் கேக்கவோ எண்டு கேட்டாள். அந்த வேலையை ஒரு பிள்ளைக்கும் குடுக்கக் கூடாது. வியாழக்கிழமை ரெண்டு மணித்தியாலம் தந்தா, என்ரை வயித்துக்குள்ளை என்ன எண்டு நானே டொக்டரிட்டைக் கேப்பன். உங்கள் எல்லாருக்கும் நன்றி. சாப்பிட்டுட்டுப் போங்கோ."

ஒருவரும் எழும்பவில்லை. ஆரணி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுவைச் சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியும். அது வேண்டும் என்று சந்திரமதிக்கு யார் சொன்னது என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

சமையலறைக் கதவடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெனடிக்ற் அண்ணை, என்ரை துண்டைத் திருப்பித் தாங்கோ."

ரோல்ஸ் எடுக்கிற இடுக்கியோடு நின்றது செலஸ்ரீனா அக்கா. பீலிக்ஸ் அண்ணையின் மனைவி.

"செலஸ்ரீனா!" என்றார் மேடையிலிருந்து பீலிக்ஸ் அண்ணை.

"நீங்கள் சும்மா இருங்கோ. எனக்கும் வியாழக்கிழமைதான் லீவு."

"போட்ட வாக்கைத் திருப்பித் தர ஏலாது" என்று பெனடிக்ற் பனெத்தோனே பெட்டியைக் கட்டிப் பிடித்தார். "சட்டமில்லை."

"தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் கதிரை எண்டது மட்டும் சட்டமோ?" என்று ஒரு பெண் கத்தினாள். "இப்பதான் எங்களுக்கு அவவைத் தெரியும்!" என்றார் இன்னொருவர். மண்டபம் சந்தையாகிவிட்டது. மாற்ற விடாவிட்டால் ரோல்ஸ் வெளியே வராது என்று செலஸ்ரீனா அக்கா சொன்ன பிறகுதான் பெனடிக்ற் இறங்கி வந்தார்.

"சரி! மாத்த விரும்புற ஆக்கள் கையைத் தூக்குங்கோ. பாதிக்கு மேலை இருந்தா மட்டும்தான் திரும்ப வாக்கெடுப்பு. பிறகு ஒரு கதையும் இல்லை."

செலஸ்ரீனா அக்காவின் இடுக்கி முதலில் உயர்ந்தது. சமையலறைப் பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள். பின்வரிசைகளில் ஒவ்வொன்றாகக் கைகள் எழும்பின. பெனடிக்ற் விரலை நீட்டி எண்ணிக்கொண்டு முன்வரிசைகளின் பக்கம் வந்தார்.

நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்திருந்தேன். தூக்காமல் இருந்தால் நான் நல்ல புருசன். முதலிலேயே மனைவிக்குப் போட்டவன், மாற்ற ஒன்றுமில்லாதவன். ஊர் முழுக்க அப்படித்தான் நினைக்கும், அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தூக்கினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஞானசேகரம் அண்ணைக்குத் தெரியும். ஆரணிக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பெனடிக்ற் நாலாவது வரிசையில் நின்று, "பாதிக்கு இன்னும் கொஞ்சம் காணாது" என்றார். மூன்றாவது வரிசைக்கு விரலை நீட்டினார்.

நான் கையைத் தூக்கினேன்.

"பாப்பா! மா தவ்வேரோ?" என்றாள் ஆரணி. அப்பா, மெய்யாகவோ என்று அவள் இத்தாலியனில் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ வெடித்துச் சிரித்தார்கள், அது வரிசை வரிசையாகப் பரவியது. ஞானசேகரம் அண்ணை நெற்றியில் கை வைத்தார். காது சுட்டது. மேடையில் சந்திரமதி மைக்குக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள், நெடுநேரம். என் கை தானாகக் கீழே வரத் தொடங்கியது.

"இறக்காதேங்கோ" என்றாள் மைக்கில். "எண்ணட்டும்."