கூடையில் வைத்த முறுக்கு

மணி அடித்ததும் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பயந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். புல்வெளியில் எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

டெக்ஸாஸில், எங்கள் சுகர் லேண்டிலிருந்து காரில் அரை நாள் தள்ளி ஒரு சின்ன ஊர். மார்கரெட் என்றொரு அம்மாள் அந்தக் காலத்தில் தன் தோப்புக்குள் குடில்கள் கட்டி, எழுதுகிறவர்களைச் சும்மா தங்கவைத்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. பகலில் யாரும் யாரோடும் பேசக்கூடாது. மதியச் சாப்பாடு கூடையில் வாசலுக்கு வரும். சாப்பிட்டதும் கூடையை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். ஏழு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் நாவலை இங்கேயும் முடிக்காவிட்டால் தலைமுழுகிவிடுவது என்ற முடிவோடுதான் நான் வந்திருந்தேன்.

வந்ததிலிருந்து ஒரு வரிகூட நகரவில்லை. ஆனால் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அன்று மனசு கேட்காமல், வீட்டில் சுட்டு எடுத்து வந்த முறுக்கில் கொஞ்சம் கூடைக்குள் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நிர்வாகி ஜோன் என்னைக் கட்டிக்கொண்டாள். "வாழ்த்துகள் வான்மதி! கூடை காலியாக வராவிட்டால் புத்தகம் முடிந்தது என்று அர்த்தம். மார்கரெட் காலத்து வழக்கம். கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். நாளைக் காலையில் குடிலுக்கு அடுத்தவர் வந்துவிடுவார்."

இதெல்லாம் வரவேற்பறைச் சுவரில் எழுதியிருக்கிறதாம். சுவரை யார் படித்தார்கள்? உண்மையைச் சொன்னால் குடில் மிஞ்சும், மானம் போகும். சொல்லலாமா என்று பார்த்தால் முன்வரிசையில் ஒரு பெரியவர் ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதுவரை எழுதியிருந்த கடைசிப் பக்கத்தைத் தமிழில் வாசித்தேன். கணவனைக் காரில் விட்டுவிட்டு, ஏர்போர்ட் கதவு முன்னால் பெட்டியோடு நிற்கிறாள் என் நாவலின் நாயகி ராமாத்தாள். அதற்கு மேல் அவள் நகர மறுத்துத்தான் ஏழு வருடம்.

நிறுத்தினேன். தமிழ் தெரியாத அந்தப் பெரியவர் கேட்டார்: "யாரோ ஒரு பெண் வாசலில் நிற்பது போல உங்கள் குரலில் கேட்டது. அவள் போய்விட்டாளா?"

"போய்விட்டாள்" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சொன்ன பிறகு அது உண்மை என்று தெரிந்தது. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, பெட்டியை அடுக்கி, என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்கு ஃபோன் செய்தேன்.

"ஏனுங்க, நாளைக்குக் காலையில கிளம்பி வந்து pick up பண்ணிக்குங்க. நாவல் முடிஞ்சிருச்சுங்க."

"அட! அந்தப் புள்ள என்ன ஆனா?"

"போயிட்டாளுங்க."

திருமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

"நீ வந்துருவீல்ல?"

வருகிறேன் என்றுதான் சொன்னேன். அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.